தவிர்க்க முடியாத பட்சத்தில்

சந்திரலேகாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மற்றவர்களுடைய ஆங்கிலத்தில் குற்றம் கண்டுபிடிப்பது அதைவிட நன்றாக வரும். ஓட்டலில் மெனு அட்டையைக் கையில் கொடுத்தால், தோசை வருவதற்குள் பேனாவை எடுத்து நாலு எழுத்துப் பிழையைத் திருத்தி வைத்துவிடுகிற ரகம். சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பதினாலு வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறாள். அங்கே அவளிடம் லீவு லெட்டர் கொடுக்கப் பையன்கள் பயப்படுவார்கள். லீவு கிடைத்துவிடும், லெட்டர்தான் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வரும்.

அவளுடைய ஆங்கிலத்தைக் கோயில் கட்டிக் கும்பிட்ட ஒரே ஆள் அவள் தம்பி இளவரசு. அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது. அப்போதிலிருந்து சோறு போட்டதும் இவள்தான், எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் இவள்தான். இப்போது அவனுக்கு இருபத்து மூன்று. டிப்ளமா முடித்து, கடலூர் பக்கம் செம்மங்குப்பம் சிப்காட்டில் சாயப்பொருள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. திருப்பாதிரிப்புலியூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பாராமல், "எங்கக்காவுக்குத் தெரியாத இங்கிலீஷே கெடையாது" என்று சொல்லிக்கொண்டு திரிவான். "சும்மா இருடா" என்பாள் இவள். வாய்தான் அப்படிச் சொல்லும், மனசு இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமே என்று நிற்கும்.

அப்படி அவன் பீற்றிக்கொண்டதில் வந்ததுதான் அந்த மொழிபெயர்ப்பு வேலை. கம்பெனியில் பாதுகாப்புக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழில் எழுதி ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் பலகையாக மாட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாதுகாப்பு அதிகாரி செந்தமிழ்செல்வன் போன் செய்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இருபத்தெட்டுப் பக்கத்தை இவள் தமிழாக்கி அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டு, "பிரமாதம் மேடம், ஆனா பலகையில இவ்ளோ எடம் இல்ல. ஒவ்வொண்ணையும் ஒரே வரியாச் சுருக்கிக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றார். அடுப்பில் குழம்பு, கையில் கரண்டி, தோளில் இடுக்கிய போன் என்று நின்றபடியே சுருக்கி அனுப்பினாள். ஆங்கில மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை, தன் தமிழைப் பார்த்துத் தன் தமிழையே சுருக்கினாள். அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். அவளுக்கு அன்றைக்கு நுழைந்துவிட்டது, அதுதான் வினை.

இன்று காலை பத்தேகாலுக்கு, வகுப்புக்குப் போகிற வழியில், தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன.

"அக்கா, உன் போர்டை மாட்டிட்டாங்க! நேத்து செக்யூரிட்டி ரூம்ல அடுக்கி வச்சிருந்தாங்க, அப்பவே ஒண்ணை போட்டோ புடிச்சிட்டேன், பாரு. எங்க ரியாக்டருக்குத்தான் அது. இப்ப கரண்ட் போச்சுக்கா. ஜெனரேட்டரும் ரிப்பேரு. உள்ள சரக்கைக் கலக்குற ஸ்டிரர் நின்னுடுச்சு. அதான் வெளிய வந்து டீ குடிக்கிறேன். கரண்ட் வந்ததும் போயி ஓட்டணும். சரி, போனை கேட்டுல குடுத்துட்டு உள்ள போறேன்."

படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள்.

பாடத்தில் ஒரு வாக்கியம் வந்தது. விஷத்தைக் குடித்தவன் 'இன்எவிடப்ளி' சாவான் என்று. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் 'தவிர்க்க முடியாமல்' என்று எழுதினாள். இரண்டாவது பெஞ்சில் ஃபர்ஹானா எழுந்தாள். சந்தேகம் கேட்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காது.

"மிஸ், இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வார்த்தை? 'குடிச்சா செத்தே தீருவான்'னு சொன்னாப் போதாதா?"

வகுப்பு சிரித்தது. சந்திரலேகாவுக்குக் கோபம் வந்தது. தமிழில் சுருக்கமாக ஒன்று இருக்கிறது என்று மாணவி சொல்லி ஆசிரியை கேட்பதாவது! "அந்தப் பேச்செல்லாம் பரீட்சையில செல்லாது. இது வினையுரிச்சொல். எந்த எடத்துல போடறோங்கறதுதான் முக்கியம், பாரு" என்று இரண்டு வரி எழுதினாள்.

தவிர்க்க முடியாமல் விஷத்தைக் குடித்தால் சாவான்.

விஷத்தைக் குடித்தால் தவிர்க்க முடியாமல் சாவான்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஃபர்ஹானா ஒரு நிமிஷம் பார்த்தாள். "மொதல்ல இருக்கிறவன் வேற வழியில்லாம குடிக்கிறான் மிஸ், பாவம். ரெண்டாவது ஆளு வேற வழியில்லாம சாவறான்."

"கரெக்ட்" என்றாள் சந்திரலேகா. சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. அவள் எழுதிய முதல் வரியின் அமைப்பை எங்கேயோ பார்த்திருந்தாள். எங்கேயோ என்ன, அவளே எழுதியதுதான். வகுப்பில் போனைத் தொட்டால் அபராதம் போடுகிறவள், அத்தனை பேர் முன்னாலும் போனை எடுத்துப் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள்.

'மின்தடைக்குப் பின் தவிர்க்க முடியாத பட்சத்தில் மட்டும் ஸ்டிரரை இயக்கவும்.'

ஆங்கிலத்தில் இருந்தது வேறு. மின்தடைக்குப் பின் ஸ்டிரரை ஓட்டினால் ரியாக்டருக்குள் அழுத்தம் 'இன்எவிடப்ளி' அபாய அளவுக்கு ஏறும் என்று இருந்தது. அவள் அதை முதலில் 'தவிர்க்க முடியாமல் ஸ்டிரரை இயக்கினால் அழுத்தம் ஏறும்' என்று எழுதினாள். சொல்லை ஏறுவதற்கு முன்னால் வைக்காமல், இயக்குவதற்கு முன்னால் வைத்துவிட்டாள். பிறகு குழம்பைக் கிளறிக்கொண்டே அதைச் சுருக்கியபோது அழுத்தமும் போய்விட்டது, அபாயமும் போய்விட்டது. கண்டிப்பாக வெடிக்கும் என்ற எச்சரிக்கை, வேறு வழியில்லை என்றால் ஓட்டிக்கொள் என்ற அனுமதியாகிவிட்டது. பதினாலு வருஷமாகத் திருத்திய லீவு லெட்டர்களில் 'தவிர்க்க முடியாத காரணத்தால்', 'தவிர்க்க முடியாத பட்சத்தில்' என்று பார்த்துப் பார்த்துக் கை தானாக எழுதிப் பழகிப்போன வரி அது.

இந்த உலகத்தில் பலகையைப் பார்த்து நடக்கிறவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்ற பலகைக்குக் கீழேதான் துப்புவார்கள். ஆனால் இந்தப் பலகையை இளவரசு மதிப்பான். அக்கா எழுதியது. கரண்ட் வந்ததும் அவன் அதை ஒருமுறை நிறுத்தி வாசித்துவிட்டு, பக்தியோடு பட்டனை அமுக்குவான்.

அவள் வகுப்பிலிருந்து வெளியே ஓடினாள்.

இளவரசுவின் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. கேட்டில் ஏதோ பெட்டிக்குள் கிடந்து அடிக்கிறது. கம்பெனியின் தொலைபேசி செத்துக் கிடந்தது, கரண்ட் இல்லாமல் அது எப்படி வேலை செய்யும்? செந்தமிழ்செல்வன் எடுக்கவில்லை. வாசலில் வந்த ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கடலூர் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஏதோ முன்னால் உட்கார்ந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுபோல.

பஸ் புறவழிச்சாலையைத் தொட்டதும் செந்தமிழ்செல்வனே கூப்பிட்டார். பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

"சொல்லுங்க மேடம்! கல்யாணத்துல இருக்கேன், பண்ருட்டியில. பத்து மிஸ்டு கால் இருக்குது?"

இங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். பிறகு எத்தனை முறை நினைத்தும் அவளால் அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: நான் தப்பாக எழுதிவிட்டேன், யாரையும் ஸ்டிரரைத் தொட விடாதீர்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் பிரமாதம் மேடம், பிரமாதம் மேடம் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மற்றவர் ஆங்கிலத்தைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

"ஒரு சின்ன கரெக்‌ஷன் சார். அந்த ஸ்டிரர் போர்டுல... ஒரு வார்த்தை..."

"அவ்ளோதானே? நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம். நீங்க போட்டா தப்பா இருக்குமா? ஒரு எழுத்து முன்ன பின்ன இருந்தா என்னா இப்போ! தாலி கட்டறாங்க, வைக்கிறேன்."

கெட்டிமேளம் கேட்டது, லைன் போய்விட்டது.

தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. அறைந்துகொண்டிருந்தாலும் தப்பில்லை. தம்பி உயிரைவிடச் சிவப்பு மை பெரிதா? உடனே திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. வெள்ளாற்றுப் பாலம் வந்தது, பி.முட்லூர் வந்தது, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் குரல் பதிவு அனுப்பினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, சத்தமாகவே சொன்னாள்: "சார், சின்னத் தப்பு இல்ல. நான் தலைகீழா எழுதிட்டேன். ஓட்டக் கூடாது. ஓட்டுனா வெடிக்கும். யாருக்காவது போன் பண்ணுங்க சார், உள்ள என் தம்பி இருக்கான்." அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் இரண்டு சாம்பல் நிறக் குறிகள் விழுந்தன. அவை நீலமாகவே இல்லை.

போனில் மூலக் கோப்பைத் தேடி எடுத்தாள். அந்த வாக்கியத்துக்குக் கீழே இன்னொரு வாக்கியம் இருந்தது. அந்த அழுத்தத்தில் ரியாக்டரின் மூடி பிய்த்துக்கொண்டு போகும், சுற்றி நிற்பவர் எவரும் தப்ப முடியாது என்று. இதையும் அவளே மொழிபெயர்த்திருந்தாள். ஒரு வரிதான் இடம் என்றதும் வெட்டியதும் அவளே.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. ஒரு அம்மாள் கூடையோடு ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள். சந்திரலேகாவுக்கு அந்தக் கூடையைத் தூக்கி வெளியே எறியலாம்போல இருந்தது. ரோட்டோரக் கடைகளில் ஃபேன் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். ஒரு மெக்கானிக் கடையில் சுற்றியது. அடுத்த கடையிலும் சுற்றியது. இங்கே இருப்பது வேறு லைனாக இருக்கலாம், இருக்கட்டும் சாமி. பிறந்ததிலிருந்து கரண்ட் வர வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறாள். வரக் கூடாது என்று வேண்டியது இதுதான் முதல் தடவை.

ஃபர்ஹானா சொன்னது வழியெல்லாம் காதில் அடித்தது. செத்தே தீருவான். எவ்வளவு சின்னது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்தே தீரும் என்று ஊரே சொல்கிறது. 'ஸ்டிரரை ஓட்டினால் வெடித்தே தீரும்' என்று எழுதியிருந்தால் போதும், பலகையில் இடம்கூட மிச்சமிருந்திருக்கும். அந்தத் தமிழ் அவளுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் பேசுகிற தமிழ் அது. பலகைக்கு ஆகாது என்று நினைத்தாள்.

சிப்காட் நிறுத்தத்தில் இறங்கி, செருப்பு அறுந்ததையும் பாராமல் ஓடினாள். கேட்டை ஒட்டிய காவல் அறையில் மீரான் என்று பெயர் குத்திய காவலாளி, அறுபது வயதுக்காரர், ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அட்டை நிற்காமல் விசிறியதைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

"ஐயா, உள்ள இளவரசுன்னு ஒரு பையன். அவன் அக்கா நான். அவனை ஸ்டிரரை ஓட்ட வேணாம்னு சொல்லுங்க. ஒடனே!"

"அட, நம்ம போர்டு எழுதுன டீச்சரம்மாவா?" மீரான் எழுந்து நின்றார். "தம்பி சொல்லிக்கிட்டே இருக்கும். ஒக்காருங்கம்மா. பாஸ் இல்லாம உள்ள விட முடியாது. இன்டர்காம் வேலை செய்யல. கரண்ட் வந்ததும் பேசிடலாம்."

"கரண்ட் வந்ததும் பேசி பிரயோஜனம் இல்லைங்கய்யா! வர்றதுக்குள்ள சொல்லணும். அந்த போர்டு தப்பு! நான்தான் தப்பா எழுதிட்டேன்!"

அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "நானே போயி சொல்லிட்டு வரேன்" என்று தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முழங்கால் வலிக்காரர். நாலடி வைத்திருப்பார்.

தலைக்கு மேல் ஃபேன் ஒரு முறை முனகியது. பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"அல்லாவே, வந்துடுச்சு" என்றார் மீரான், சந்தோஷமாக.

அறையின் மூலையில், ஒரு இரும்புக் காலின்மேல், கையால் சுற்றுகிற சைரன் இருந்தது. கரண்ட் இல்லாதபோதும் ஊதுவதற்கென்று வைத்தது. அதைப் பற்றியும் அவள் மொழிபெயர்த்திருந்தாள். 'சைரன் ஒலித்தால் கையில் உள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறவும்.' இருபத்தெட்டுப் பக்கத்தில் அந்த ஒரு வரியாவது சரியாக இருந்திருக்க வேண்டுமே என்று இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துச் சுற்றினாள். முதலில் மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். பிறகு அது ஏறி ஏறி சிப்காட் முழுக்கக் கேட்டது. மீரான் ஓடிவந்து "அம்மா, வேலை போயிடும்மா!" என்று கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. வாயைத் திறந்து எதையோ சொல்கிறார் என்று மட்டும் தெரிந்தது. ரியாக்டர் கொட்டகை இருந்த பக்கத்திலிருந்து பெரிய சத்தம் ஒன்று வரப்போகிறது என்று முதுகைக் குறுக்கிக்கொண்டே சுற்றினாள்.

ஆட்கள் வந்தார்கள். நீலச் சட்டைகள், மஞ்சள் தொப்பிகள், நாலு பேர், பத்துப் பேர், முப்பது பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த முகம் இல்லை. கை தளர்ந்தது, சைரன் இறங்கியது. பிறகு ஒரு கிழவரின் தோளைப் பிடித்தபடி கடைசியாக இளவரசு வந்தான்.

அவள் அவனை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். எது முதலில் என்று பிறகு அவனுக்கே சந்தேகம் வந்தது.

"ஓட்டுனியாடா?"

"பட்டன்ல கை வச்சிட்டேன்கா. அமுக்கறதுக்குள்ள சைரன் அடிச்சிடுச்சு." அவன் இன்னும் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். "இவருதான் பக்கிரி மாமா. காலையிலேருந்து ஒரே சண்டை. ஓட்டாத, ஓட்டாதன்னு. நான்தான் போர்டைக் காட்டுனேன். பேட்ச் வீணாப் போவுது, இத தவிர்க்க முடியுமா? அப்ப ஓட்டலாம்னு தெளிவா எழுதியிருக்கு, எங்கக்கா எழுதுனதுன்னு. ஷிஃப்ட் இன்சார்ஜும் சரின்னுட்டாரு."

பக்கிரி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். முப்பது வருஷம் ரியாக்டர் வெப்பத்தில் நின்றவர். பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "நின்னுபோன சரக்கு மேல ஒண்ணும் கீழ ஒண்ணுமா பிரிஞ்சி நிக்கும்மா. சட்டுனு கலக்குனா பொங்கியே தீரும். நான் சொன்னேன். நமக்கு எழுத்து தெரியாதுன்னு தம்பி காதுல வாங்கல." அவர் குரலில் கோபம் இல்லை. சந்திரலேகாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பொங்கியே தீரும். அவள் மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியம் முழுதும் அதுதான்.

மேனேஜர் வந்தார், பக்கிரியும் இன்னும் இருவரும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய், ரியாக்டரைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். இரண்டு மணிநேரம் கழித்து, இனி பயமில்லை என்றார்கள். அது வரைக்கும் சந்திரலேகா தம்பியின் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அவன் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜர் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல மனிதர், அவளுக்கு வழிவிடத்தான் பார்த்தார். "மேடம், ரிப்போர்ட் ஒண்ணு எழுதணும். 'தவிர்க்க முடியாத காரணங்களால் சைரன் ஒலிக்கப்பட்டது'ன்னு போட்டுடலாம். ஒங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அந்த வரி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. எத்தனை பேர் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள்! அதில் மட்டும் யாருமே எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக நடக்கிறது.

"வேணாம் சார். சந்திரலேகா தப்பா எழுதுனாங்க, அதனாலன்னு எழுதுங்க. என் பேரை எழுதுங்க. மத்த போர்டெல்லாம் கழட்டுங்க. எல்லாத்தையும் பக்கிரி ஐயாவை வச்சிக்கிட்டு மறுபடி எழுதித் தரேன். அவரு சொல்ற மாதிரியே."

இளவரசு திருப்புளி வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அந்தத் தகரப் பலகையோடு திரும்பி வந்து அவளிடம் நீட்டினான்.

"இத நீயே எடுத்துட்டுப் போக்கா" என்றான். அவளைப் பார்க்காமல், பலகையைப் பார்த்தே கேட்டான்: "நீ எழுதுனதுன்னா நான் யோசிக்கவே மாட்டேன். இனிமே யோசிக்கணுமாக்கா?"

"யோசிடா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் இடம் கிடைத்தது. பலகை மடியில் நிற்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் சீட்டு கிழித்துவிட்டு, கழுத்தை வளைத்துப் பலகையைப் பார்த்தார். நடுத்தர வயது, காதில் பேனா. தமிழைப் பார்த்தால் படிக்காமல் போகிற ஆளாகத் தெரியவில்லை. "மின்தடைக்குப் பின், தவிர்க்க முடியாத பட்சத்தில் மட்டும்..." என்று பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் முழுதாகப் படித்து முடித்தார்.

"நல்ல தமிழ்ங்க" என்றார். "சுத்தமா, தெளிவா இருக்கு. யாரு எழுதுனது?"

"நான்தாங்க எழுதுனேன்" என்றாள் சந்திரலேகா, பலகையை மடியில் கவிழ்த்து வைத்தபடி. "சத்தம் போட்டுப் படிக்காதீங்க. யாராவது நம்பிடப் போறாங்க."